ஆந்தை ஏன் இப்படிச் செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கிறவன் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், ஆந்தை வீடியோக்கள் வந்து குவியும். பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வரும். கூடவே ஒரு வரி: "இதுக்கு என்ன ஆச்சு?" அநேகமாக அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பகல்ல ஒரு ஆந்தையைப் பார்த்தேன். அதுக்கு உடம்பு சரியில்லையா?

பகலில் கண்ணில் பட்டது என்பதற்காக அது நோயாளி ஆகிவிடாது. பகல் முழுக்க ஏதாவது கிளையிலோ பொந்திலோ உட்கார்ந்துதான் இருக்கும். அன்றைக்கு நீங்கள் கவனித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது என்பதும் தவறு. கண்பாப்பாவைச் சுருக்கிக்கொண்டு நன்றாகவே பார்க்கும்.

எல்லா ஆந்தையும் இரவுப் பறவையும் இல்லை. உருவத்தில் மிகச் சிறிய பிக்மி ஆந்தைகள், தரைவளையில் குடியிருக்கும் வளை ஆந்தை, குட்டைக்காது ஆந்தை எல்லாம் பகலிலும் வேட்டையாடும். துருவப் பகுதிக் கோடையில் சூரியன் மறைவதே இல்லை, அங்கே பனி ஆந்தைக்கு வேறு வழியும் கிடையாது. புள்ளி ஆந்தை வெயில் தாழ்வதற்கு முன்பே பொந்து வாசலில் வந்து உட்கார்ந்துவிடும்.

இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட கூகை, இரவு வேட்டைக்குப் பேர்போனது. அது பட்டப்பகலில் வயலுக்கு மேலே பறந்தால் மட்டும் கொஞ்சம் காரணம் தேடலாம். சத்தமில்லாமல் பறப்பதற்கேற்ற அதன் மென்மையான இறகுகள் மழை தாங்காது. இரண்டு மூன்று இரவு விடாமல் பெய்தால் பட்டினிதான். மழை விட்டதும் பகல் என்றும் பாராமல் கிளம்பிவிடும். பொந்தில் நாலைந்து குஞ்சுகள் பசியோடு இருந்தாலும் இதே கதைதான்.

தலையை மேலயும் கீழயும் ஆட்டி ஆட்டி என்னையே பார்க்குது. கோபமா இருக்கா?

கோபம் இல்லை, அளவெடுக்கிறது. ஆந்தையின் கண் நம்முடையதைப் போல உருண்டை அல்ல. குழாய் மாதிரி நீண்டு மண்டையோட்டில் பொருந்தியிருப்பதால் அதைக் கிட்டத்தட்ட அசைக்கவே முடியாது. நாம் கண்ணை உருட்டுகிற இடத்தில் அது தலையையே நகர்த்தியாக வேண்டும். தலை நகரும்போது பக்கத்துப் பொருள் அதிகமாகவும் தூரத்துப் பொருள் குறைவாகவும் இடம் மாறித் தெரியும். அதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. இந்தப் பழக்கம் குஞ்சுகளிடம் இன்னும் அதிகம்.

காதுக்கும் இதில் பங்கு உண்டு. கூகையின் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே இருக்கும். ஒரே சத்தம் இரண்டு காதிலும் வெவ்வேறு விதமாக விழுவதால், எலி எந்தப் பக்கம், எவ்வளவு கீழே என்று முழு இருட்டிலும் கண்டுபிடித்துவிடும். நீங்கள் சருகை மிதித்தால் அது தலையைச் சாய்ப்பதும் இதற்காகத்தான். ஆக, தலையாட்டல் உங்களைப் பார்த்து என்றால், அதன் வேலையை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கழுத்தை முழுசா ஒரு சுத்து சுத்துச்சு, நானே பார்த்தேன்!

முழுச் சுற்று கிடையாது, ஏறக்குறைய 270 டிகிரிதான். ஒரு பக்கம் எல்லை வரை போய்விட்டு, கண்சிமிட்டும் நேரத்தில் மறுபக்கமாக வந்துவிடும். நாம் அந்தத் திரும்பலைத் தவறவிட்டு, ஒரே திசையில் சுற்றியதாக நினைத்துக்கொள்கிறோம்.

நமக்கு 7 கழுத்தெலும்புகள், அதற்கு 14. இவ்வளவு முறுக்கியும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஏன் அறுந்துபோவதில்லை என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் விளக்கினார்கள். அந்தக் குழாய் புகுந்து போகும் எலும்புத் துளைகள் குழாயைவிடப் பத்து மடங்கு அகலமாம். குழாய் நசுங்காமல் அசைந்துகொடுக்க இடம் இருக்கிறது. இன்னொன்று, பிக்மி ஆந்தைகளின் பின்மண்டையில் கண் மாதிரியே இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். "தலையைத் திருப்பி முதுகுப் பக்கமா முறைக்குது" என்று வந்த ஒரு படத்தில் இருந்தது முதுகும் பின்தலையும்தான்.

வாந்தி எடுக்கிற மாதிரி கழுத்தை நீட்டி நீட்டி வாயைப் பிளக்குது. விஷமா?

அநேகமாக உமிழ்கட்டி வெளியே வருகிறது. ஆந்தை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பும் ரோமமும் வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து, சில மணி நேரம் கழித்து வாய் வழியாகவே வெளியேறும். அதற்கு முன் ஆந்தை படும் பாட்டைப் பார்த்தால் நமக்கே வயிற்றைப் பிசையும். கண்ணை மூடிக்கொள்ளும், முகம் சுருங்கும், கொட்டாவி விடுவது போல வாய் திறந்து திறந்து மூடும். பிறகு தலையைத் தாழ்த்தி ஓர் உதறல், கட்டி கீழே விழும். அடுத்த நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இறகைக் கோதும்.

முதல் முறை நான் பார்த்தபோது மரத்தடிக்குப் போய்த் தேடி எடுத்தேன். கட்டைவிரல் நீளம், கறுத்த சாம்பல் நிறம், வார்னிஷ் பூசியது போல ஈரப் பளபளப்பு. காய்ந்த பிறகு குச்சியால் பிரித்தால் உள்ளே எலியின் கீழ்த்தாடை, பல் வரிசை கலையாமல் இருந்தது. ஆந்தையின் வயிற்று அமிலம் பருந்துடையதைவிட வீரியம் குறைந்தது, அதனால்தான் எலும்பு கரையாமல் வருகிறது. நீங்களும் எடுப்பதென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வாயைப் பிளப்பது நெடுநேரம் நீடித்தும் எதுவும் விழவில்லை என்றால், அல்லது ரத்தமும் கோழையும் வந்தால் அது வேறு விஷயம். கீழே நோய் அறிகுறிகள் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

இறக்கையை விரிச்சுக் குப்புறக் கிடக்குது. செத்துப்போச்சா?

கிட்டப் போவதற்கு முன் பைனாகுலரில் ஐந்து நிமிடம் பாருங்கள். வெயில் காய்கிற ஆந்தை அச்சு அசல் செத்த பறவை போலத்தான் இருக்கும். இறக்கை பரப்பி, வால் விரிந்து, வாய் திறந்து, கண் சொருகிக் கிடக்கும். இரையைப் பிடித்துவிட்டு, வேறு யாரும் பறிக்காமலிருக்க இறக்கையால் கூடாரம் போட்டு மூடிக்கொள்வதும் உண்டு. அப்போது தலை நிமிர்ந்திருக்கும், கண் அலையும்.

குஞ்சு என்றால் இன்னொரு காரணம். அதற்குத் தலை பெரிது, கழுத்தில் பலம் போதாது. உட்கார்ந்து தூங்க முடியாமல், வயிற்றின் மேல் குப்புறப் படுத்து முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கும்.

குட்டைக்காது ஆந்தையும் நீள்காது ஆந்தையும் நாடகமே ஆடும். கூட்டருகே யாராவது போனால் இறக்கை ஒடிந்தது போலத் தரையில் துடித்துத் துடித்து, பின்தொடர்கிறவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்விடும். நீங்கள் நகர நகர அதுவும் "காயத்தோடு" நகர்ந்தால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். உங்கள் காலடியில் முட்டை இருக்கலாம்.

பறக்கத் தெரியாத குஞ்சு தரையில உக்காந்திருக்கு. எடுத்துட்டு வரலாமா?

எந்த ஆந்தை என்பதைப் பொறுத்தது. பல இனங்களின் குஞ்சுகள் பறக்கக் கற்பதற்குப் பல நாள் முன்பே கூட்டைவிட்டு வெளியேறிக் கிளைகளில் தொற்றித் திரியும். தவறி விழுந்தாலும் அலகாலும் நகத்தாலும் பட்டையைக் கவ்வி, இறக்கையை அடித்து அடித்து மரம் ஏறிவிடும். ஐரோப்பாவின் டானி ஆந்தைக் குஞ்சு இதில் கெட்டிக்காரக் குஞ்சு. தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருந்து ஊட்டும். நாய், பூனை, வண்டி ஆபத்து இருந்தால் மட்டும் அருகிலுள்ள கிளையில் தூக்கி வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. ஆனால் அந்தத் தாய் உங்கள் முகத்தில் அறையும் என்பது உண்மை.

கூகைக் குஞ்சு இப்படி அல்ல. எட்டு வாரம் வரை பொந்திலேயே வளர வேண்டிய பிள்ளை அது. வெள்ளைப் பஞ்சோடு தரையில் கிடந்தால் விழுந்துவிட்டது என்றே அர்த்தம், பெற்றோர் கீழே வந்து ஊட்டுவது அரிது. கூடு தெரிந்தால் அதற்குள் வைக்கலாம், தெரியாவிட்டால் வனவிலங்கு மீட்பு ஆட்களை அழையுங்கள்.

நல்லா குண்டா இருந்தது, என்னைப் பார்த்ததும் குச்சி மாதிரி ஒல்லியாயிடுச்சு. இப்படி ஆகுமா?

ஆகும். ஆந்தையில் பாதி இறகுதான். பயந்தால் இறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணைக் கோடாக இடுக்கி, காது போன்ற இறகுக் கொம்பை நிமிர்த்தி, ஒடிந்த கிளை போல நின்றுவிடும். சிற்றாந்தைகள் இதில் தேர்ந்தவை. எதிரி மிக அருகில் வந்துவிட்டால் தலைகீழ் உத்தி. இறக்கையை விசிறியாக்கி இரண்டு மடங்கு பெரிதாகி, பக்கவாட்டில் ஆடி, அலகைச் 'சடக் சடக்' என்று அடிக்கும். ஆப்பிரிக்காவின் வெண்முக ஆந்தை வந்தவரின் அளவைப் பார்த்து ஊதுவதா ஒடுங்குவதா என்று முடிவுசெய்யும்.

இந்த வீடியோக்கள் நிறைய பேருக்கு வேடிக்கை. எனக்கு அவற்றைப் பார்க்கப் பிடிப்பதில்லை. அது வித்தை காட்டவில்லை, படமெடுக்கிறவரைப் பார்த்து நடுங்குகிறது. ஒல்லியான ஆந்தையைப் பார்த்தால் அப்படியே பின்வாங்குங்கள். சற்று நேரத்தில் பழையபடி குண்டாகிவிடும்.

காக்காயெல்லாம் சேர்ந்து கத்துது, அது திருப்பி ஒண்ணுமே செய்யலையே?

பகலில் ஆந்தையைக் கண்ட மற்ற பறவைகள் கூடிக் கூச்சல் போட்டு, இடத்தைக் காலி செய்ய வைக்கப் பார்க்கும். இரவில் தங்களைத் தின்ன வரும் ஆள் எங்கே படுத்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்வதும் இதில் அடக்கம். ஆந்தை திருப்பித் தாக்கினால் வீண் செலவு, அதனால் கண்ணை இடுக்கிக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். ஆந்தை தேடுகிறவர்களுக்கு இந்தக் கூச்சல்தான் முதல் துப்பு.

ராத்திரி பூரா யாரோ குறட்டை விடுற மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம். ஆந்தை அலறத்தானே செய்யும்?

கூகை மற்ற ஆந்தைகள் போல 'ஊ' என்று கூவாது. கிறீச்சிடும், சீறும். நீங்கள் கேட்டது பசித்த குஞ்சுகளாக இருக்கலாம். பெட்டையும் ஆணிடம் இரை கேட்டு இப்படி இழுக்கும்.

சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ருலான் குழுவினர் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். தாயும் தந்தையும் வெளியே போயிருக்கும்போதே குஞ்சுகள் தங்களுக்குள் சீறிப் பேரம் பேசுகின்றன. அதிகப் பசி உள்ளது அதிகமாகச் சத்தமிடும், மற்றது அடங்கிப்போய் அடுத்த எலியை விட்டுக்கொடுக்கும். மூத்த குஞ்சு இளையதற்குத் தன் இரையையே கொடுப்பதும் உண்டு.

அப்போ ஒரு குஞ்சு இன்னொரு குஞ்சைத் தின்னதை நான் பார்த்தேனே, அது?

அதுவும் நிஜம்தான், முந்தைய பதிலோடு முரணும் இல்லை. கூகை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டையாக இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். அதனால் மூத்ததற்கும் கடைசிக்கும் வயது வித்தியாசம் இரண்டு வாரத்தைத் தாண்டலாம். எலி தாராளமாகக் கிடைக்கும் வருடத்தில் எல்லாம் பிழைக்கும். பஞ்சம் வந்தால் கடைக்குட்டி மெலிந்து சாகும், செத்ததை மற்றவை வீணாக்குவதில்லை. தலையிட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. கூட்டை எட்டிப் பார்த்துப் பெற்றோரை விரட்டாமல் இருந்தாலே பெரிய உதவி.

பொந்துக்குள்ள உயிரோட பாம்பைக் கொண்டுபோச்சு. இரைன்னா கொன்னுதானே கொண்டுபோகும்?

அருமையான கேள்வி, இதற்கு அசல் பதிலும் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்ஸஸில் ஸ்க்ரீச் ஆந்தைகள் மண்புழு போன்ற குருட்டுப் பாம்புகளை உயிரோடு கூட்டுக்குக் கொண்டுவருவதைக் கெல்பாக், பால்ட்ரிஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் எழுதினார்கள். சிலவற்றைக் குஞ்சுகள் தின்றன. தப்பியவை கூட்டின் குப்பைக்குள் புகுந்து, அங்கே நெளியும் பூச்சிப் புழுக்களைத் தின்று வாழ்ந்தன. பாம்பு இருந்த கூடுகளில் குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன, சாவும் குறைவு. ஆந்தை துப்புரவுக்கு ஆள் வைத்தது என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். இரை தப்பிப்போனதால் கிடைத்த லாபமாகவும் இருக்கலாம் இல்லையா?

வளை ஆந்தை இன்னும் விசித்திரம். மாட்டுச் சாணத்தைக் கொத்திக் கொண்டுவந்து வளை வாசலில் பரப்பும். வாசனைக்குச் சாணவண்டுகள் தேடிவரும், இது வாசலில் நின்றபடி பொறுக்கித் தின்னும். சாணம் வைத்த ஆந்தைகள், வைக்காதவற்றைவிடப் பத்து மடங்கு சாணவண்டுகளைத் தின்றதாக 2004இல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்த வளைக்குள் கையை விட்டால் கிலுகிலுப்பைப் பாம்பு போலவே சீறும். உள்ளே இருப்பது பாம்பில்லை.

இரையைப் பிடிச்சு வெச்சிருக்கு, ஆனா சாப்பிடல. அது மேல உக்காந்திருக்கு.

சேமிப்பு. குளிர் நாட்டுச் சிறு ஆந்தைகள் மிச்ச இரையைப் பொந்தில் அடுக்கி வைக்கும். அது உறைந்து கல்லாகிவிட்டால், முட்டையை அடைகாப்பது போல மேலே உட்கார்ந்து இளக்கித் தின்னும்.

நடந்து போனவர் தலையில அடிச்சுடுச்சு. வெறி பிடிச்சிருக்குமா?

பக்கத்தில் கூடோ பறக்கப் பழகும் குஞ்சோ இருக்கும். சில வாரம் அந்த வழியைத் தவிர்த்தால் பிரச்சினை தீர்ந்தது. வேறு வழி இல்லையென்றால் தொப்பியோ குடையோ வேண்டும். லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பிரிட்டன் பறவைப் புகைப்படக் கலைஞர் எரிக் ஹாஸ்கிங் 1937இல் ஒரு டானி ஆந்தையின் கூட்டருகே இடது கண்ணையே பறிகொடுத்தார். சத்தமில்லாத சிறகு என்பதால் முன்னறிவிப்பு எதுவும் கிடைக்காது.

கூடு எதுவும் இல்லாமல் ஒரே ஆந்தை பலரைத் தாக்கினால், மனிதர் வளர்த்துத் தப்பியதா என்று யோசிக்கலாம். நெதர்லாந்தின் பூர்மெரெண்ட் நகரில் ஒரு கழுகாந்தை ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி, 2015இல்தான் பிடிபட்டது. மனிதரைக் கண்டு பயப்படாத ஆந்தை நமக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து.

சரி, எல்லாத்துக்கும் 'இயல்புதான்'னு சொல்றீங்க. நிஜமா நோய்னா எப்படித் தெரியும்?

ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவுசெய்யாதீர்கள், இரண்டு மூன்று சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் பத்தடிக்குள் போயும் பறக்காமல் இருப்பது, ஒரு இறக்கை தொங்குவது, தலை ஒரே பக்கம் சாய்ந்தபடி நிற்பது, வட்டமடிப்பது, தள்ளாடுவது, வாய் ஓரம் ரத்தம், மணிக்கணக்கில் திறந்தவெளித் தரையில் கிடப்பது. தலை சாய்ப்பதற்கும் தலை சாய்ந்தே கிடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாம் கேள்வியோடு ஒப்பிட்டால் புரியும். சத்தம் வந்தால் நேராகிறது என்றால் பிழையில்லை, நேராகவே முடியவில்லை என்றால் அடிபட்டிருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

எலி விஷத்தையும் மறக்கக் கூடாது. நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிசாலையிலிருந்து 2023 பிப்ரவரியில் வெளியேறிய ஃப்ளாகோ என்ற கழுகாந்தை ஒரு வருடம் நகரத்தில் சுதந்திரமாகச் சுற்றியது. 2024 பிப்ரவரியில் கட்டடத்தில் மோதி இறந்தது என்றார்கள். உடலைச் சோதித்தபோது எலி விஷம் ஏராளமாக இருந்தது, புறாக்களிடமிருந்து தொற்றிய ஹெர்பிஸ் வைரஸும் இருந்தது. வெளியே தெரிந்தது மோதல் மட்டும்.

பிடிக்க வேண்டி வந்தால் அலகுக்கு அல்ல, காலுக்குத்தான் பயப்பட வேண்டும். பறவைக் காய்ச்சல் சந்தேகம் இருந்தால் தொடவே தொடாதீர்கள். மற்றபடி கையுறை போட்டுக்கொண்டு, தடித்த துண்டைப் போர்த்தித் தூக்கி, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விட்டுவிட்டு மீட்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், எதையும் ஊட்டாதீர்கள்.

ஒரு கண்ணு பாப்பா பெருசா, ஒண்ணு சிறுசா இருக்கு. தலையில அடிபட்டதா?

மனிதனுக்கு என்றால் அப்படித்தான் பயப்படுவோம். ஆந்தையின் இரண்டு பாப்பாக்களும் பெருமளவு தனித்தனியாக இயங்கும். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல் என்றால் அளவு மாறும். இரண்டு கண்ணிலும் ஒரே வெளிச்சம் விழும்போது மறுபடி பாருங்கள். அப்போதும் வித்தியாசம் தொடர்ந்து, மேலே சொன்ன வேறு அறிகுறியும் இருந்தால் கவலைப்படலாம்.

மொபைல்ல ஆந்தைச் சத்தம் போட்டா உடனே வருது. இதுல என்ன தப்பு?

அது உங்களைப் பார்க்க வரவில்லை, தன் இடத்தில் எதிரி புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. முட்டையை விட்டு எழுந்து வரலாம், சின்ன ஆந்தை என்றால் பெரிய ஆந்தைக்கு இரையாகலாம். நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். ஒரு மாலை புள்ளி ஆந்தை ஜோடி தலைக்கு மேலே அரை மணி நேரம் கத்தித் தீர்த்தது. விசித்திர நடத்தை என்று நோட்டில் எழுதி வைத்தேன். நானே கிளப்பிவிட்டதை விசித்திரம் என்று எழுதிய அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. முகத்தில் டார்ச் அடித்தால் வரும் 'திகைத்த பார்வை'யும் இதே ரகம்.

யாருமே பார்க்காத ஒண்ணைப் பார்த்துட்டேன்னு நினைக்கிறேன். எப்படிப் பதிவு பண்றது?

பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். "குஞ்சோடு விளையாடியது" என்பது ஊகம். "குஞ்சின் தலை இறகை அலகால் 4 முறை கோதியது" என்பது பார்த்தது. நேரம், வெளிச்சம், மழை, உங்களுக்கும் அதற்கும் இருந்த தூரம், அது உங்களைக் கவனித்ததா என்பவற்றை அங்கேயே குறியுங்கள். வீடியோவை வெட்டாமல் வையுங்கள். முன்னால் இருக்கும் அரை நிமிடத்தில்தான் பெரும்பாலும் காரணம் ஒளிந்திருக்கும்.

உதாரணத்துக்கு, ஒளிரும் ஆந்தை. 1907-08இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் விளக்குப் போலப் பளிச்சிட்டுப் பறந்த ஆந்தை பற்றிப் பல பேர் எழுதிவைத்தார்கள். தானாக ஒளி விடும் ஆந்தை என்று எதுவும் இதுவரை நிரூபணம் ஆகவில்லை. ஆனால் புற ஊதா விளக்கில் பல ஆந்தைகளின் அடியிறகு ரோஜா நிறத்தில் மிளிரும். அதை வைத்து எது புது இறகு என்று பார்த்து வயதைக் கணிக்கிறார்கள். வெள்ளைக் கூகை முழுநிலவில் உண்மையிலேயே பளிச்சென்று தெரியும், அதைக் கண்ட எலிகள் ஓடாமல் உறைந்துபோகும் நேரம் கூடுகிறது என்று 2019இல் ஓர் ஆய்வு வந்தது. "ஒளிர்ந்தது" என்று மட்டும் எழுதினால் இந்த மூன்றில் எது என்று யாருக்கும் தெரியாது. நிலவு எந்தப் பக்கம் இருந்தது என்று சேர்த்து எழுதினால் பாதி விடை கிடைத்துவிடும்.

கூடு இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள். பறவை பார்க்கிறவர்கள் பதிவிடும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில், ஆபத்திலிருக்கும் சில ஆந்தைகளின் இடத்தை அவர்களே மறைத்துவிடுகிறார்கள். மற்றவற்றுக்கு நீங்கள்தான் மறைக்க வேண்டும், குறைந்தது குஞ்சுகள் பறந்து போகும் வரை.